மீன்தொட்டிக்கு யுவி விளக்கு: எங்கே மாட்டுவது, எந்த வேகத்தில் ஓட்டுவது?

சமையலறைச் சுவரில் தொங்கும் குடிநீர்க் கருவிக்குள் ஒரு யுவி விளக்கு எரிகிறது. மீன்தொட்டி ஃபில்டரோடு இணைத்து மாட்டும் கருவியிலும் ஏறக்குறைய அதே விளக்குதான் இருக்கிறது. ஆனால் குடிநீர்க் கருவியில் தண்ணீர் ஒரே ஒருமுறை விளக்கைக் கடந்து டம்ளருக்குப் போகிறது. கடக்காத சொட்டு டம்ளருக்கு வர வழியில்லை. மீன்தொட்டியில் விளக்கைக் கடந்த தண்ணீர் மறுபடி தொட்டிக்கே வந்து, இன்னும் கடக்காத தண்ணீரோடு கலக்கிறது. யுவி வேண்டுமா வேண்டாமா, எத்தனை வாட், வேகமா மெதுவா என்று மீன் வளர்ப்போர் போடும் சண்டைகளில் பாதி, இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதால் வருபவை. "ஒரு யுவி மாட்டிடுங்க சார், எல்லா நோயும் போயிடும்" என்று கடைக்காரர் சொல்வதும் டம்ளர்க் கணக்கை வைத்துத்தான். தொட்டிக் கணக்கு வேறு.

முதலில் இந்த ஒளி செய்யும் வேலையைப் பார்த்துவிடலாம். சூரிய ஒளி பாக்டீரியாவைக் கொல்கிறது என்பதை 1877-இல் டவுன்ஸ், பிளன்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள் சோதித்துக் காட்டினார்கள். 1910-இல் பிரான்சின் மார்சேய் நகரில் குடிநீரை யுவி ஒளியால் சுத்திகரித்துப் பார்த்தார்கள். கொல்லும் ஒளிக்கும் உயிரணுவின் மரபுப் பொருளுக்கும் உள்ள தொடர்பு 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் துலங்கியது. இன்று கடையில் கிடைக்கும் விளக்குகளில் பெரும்பாலானவை குறைந்த அழுத்தப் பாதரச விளக்குகள். அவற்றின் ஒளியில் மிகப் பெரும் பங்கு 254 நானோமீட்டர் அலைநீளத்தில் வருகிறது. டிஎன்ஏ மிக அதிகமாக உறிஞ்சும் அலைநீளத்துக்கு இது மிக அருகில் இருக்கிறது. ஒளியை உறிஞ்சிய டிஎன்ஏ இழையில் பக்கத்துப் பக்கத்துத் தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, அந்த உயிரால் தன்னைப் பிரதியெடுக்க முடியாமல் போகிறது. பெரும்பாலும் அது உடனே சாவதில்லை. பெருக முடியாமல் முடங்குகிறது. இந்த ஒளி சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது, குவார்ட்ஸைத் தாண்டும். கருவிக்குள் விளக்கை ஒரு குவார்ட்ஸ் குழாய் மூடியிருப்பது இதனால்தான்.

அப்படியானால் விளக்கால் தொட முடிவது தண்ணீரில் மிதந்து குழாய்க்குள் வருகிற உயிர்களை மட்டுமே. கண்ணாடியில் படிந்த பச்சைப் பாசி, செடியில் தொங்கும் நூல்பாசி, கட்டையில் முளைக்கும் கருந்தாடிப் பாசி எதையும் அது ஒன்றும் செய்யாது. ஃபில்டரிலுள்ள நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடுமோ என்ற பயம் வேண்டாம் என்பதும் இதே காரணத்தால்தான். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் கூட்டம் செராமிக் ரிங்கிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. அது மிதந்து திரிவதில்லை. புதுத் தொட்டியில் பாட்டில் பாக்டீரியா ஊற்றுகிறவர்கள் மட்டும், அது போய் ஒட்டிக்கொள்ளும்வரை ஓரிரு நாள் விளக்கை அணைத்து வைக்க வேண்டும்.

விளக்கு சந்தேகமில்லாமல் ஜெயிக்கும் இடம் பச்சைத் தண்ணீர். ஒற்றைச் செல் பாசி பெருகித் தொட்டி பசுங்குழம்பானால், எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் மிச்சமிருப்பது மறுபடி பெருகிவிடும். நுண்பாசியைப் பஞ்சும் பிடிக்காது. சரியாக மாட்டிய சிறிய யுவி சில நாட்களில் அதை அடக்கிவிடும். பலர் இந்த ஒரு காட்சியைக் கண்டுதான் யுவியின் பக்தர்களாகிறார்கள். அதே பக்தியோடு வெள்ளைப்புள்ளி நோய்க்கும் அதையே நம்பும்போது ஏமாந்துபோகிறார்கள்.

வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் இக்தியோஃப்திரியஸ் ஒட்டுண்ணியின் வாழ்க்கையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மீனின் தோலுக்கடியில் அது வளரும் கட்டத்தில் எந்த ஒளியும் அதை எட்டாது. வளர்ந்ததும் மீனைவிட்டு விழுந்து, தரையிலோ இலையிலோ ஒட்டி, உறை கட்டிக்கொண்டு, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரிகிறது. விளக்கு அங்கேயும் போகாது. உறை வெடித்துக் குட்டிகள் நீந்திப் புறப்பட்டு அடுத்த மீனைத் தேடும் அந்த ஓரிரு நாள்தான் நமக்குக் கிடைக்கும் சந்தர்ப்பம். மீன்கள் நெருக்கமாக வாழும் சிறிய தொட்டியில் குட்டிக்கு ஃபில்டர் வாயைவிட மீன் பக்கத்தில் இருக்கிறது. குழாய்க்குள் போன குட்டி முடங்கலாம், ஆனால் மீனைத் தொட்ட குட்டி விளக்கைப் பார்ப்பதே இல்லை. ஆகவே யுவி வெள்ளைப்புள்ளியின் வேகத்தைக் குறைக்கும், குணப்படுத்தாது. மருந்தும், புதுமீனைத் தனித்தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்ப்பதும்தான் அதற்கு வழி.

அடுத்து அளவு. விளக்கின் தீவிரத்தை, தண்ணீர் அதன் முன் இருக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பதே ஒளியளவு. சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிஜூல் என்று அதைச் சொல்வார்கள். ஈ.கோலை போன்ற பாக்டீரியாவை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்க 10-க்கும் குறைவான மில்லிஜூல் போதும். வீட்டுக் குடிநீர்க் கருவிகளின் உயர்தரப் பிரிவுக்கு அமெரிக்கத் தரவிதி கேட்பது 40. வெள்ளைப்புள்ளிக் குட்டிக்கு மீன்நோய் நூல்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் எண் 100 அளவில் இருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட வாட் எண் இவற்றில் எதுவும் அல்ல. 9 வாட் விளக்கின் மின்சாரத்தில் கிருமிகொல்லி ஒளியாக வெளிவருவது நான்கில் ஒரு பங்கு அல்லது அதைவிடச் சற்று அதிகம். மற்றதெல்லாம் சூடாகப் போகிறது.

நேரத்தைக் கணக்கிட நான்காம் வகுப்புக் கணக்கே போதும். கருவிக்குள் அரை லிட்டர் தண்ணீர் நிற்கிறது, மணிக்கு 600 லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆகிறது; எனவே ஒரு சொட்டு விளக்கின் முன் இருப்பது 3 நொடி. 1200 லிட்டர் ஓடினால் ஒன்றரை நொடி, 200 லிட்டர் ஓடினால் 9 நொடி. ஃபில்டர் பெட்டியில் போட்ட எண்ணை இதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. மீடியா நிரம்பி, ஸ்டாண்டுக்குக் கீழிருந்து மேலே தூக்கி, ஹோஸ் வளைவுகளையும் கடந்த பிறகு உண்மையில் விழும் தண்ணீர் அதில் பாதிக்குச் சற்று மேலே இருந்தால் நல்ல ஃபில்டர். திரும்பும் குழாயை ஒரு பக்கெட்டில் விட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் என்று பிடித்துப் பார்ப்பதே நம்பகமான அளவை.

மெதுவாக ஓட்டுவதா, வேகமாக ஓட்டுவதா? இங்கேதான் இரண்டு கட்சி. மெதுவாக ஓட்டினால் ஒவ்வொரு உயிரும் கூடுதல் ஒளி வாங்கும் என்கிறது முதல் கட்சி. பழைய கையேடுகளும் பெட்டிக்குள் வரும் காகிதமும் அந்தப் பக்கம்தான். ஆனால் தண்ணீர் திரும்பத் திரும்பக் கலக்கும் தொட்டியில் கணக்கு வேறு மாதிரி போகிறது. மணிக்கு 100 லிட்டர் ஓட்டும்போது, கடந்ததில் 99 விழுக்காடு முடங்குகிறது என்று கொள்வோம். மணிக்கு 99 லிட்டர் அளவுத் தண்ணீர் சுத்தமாகிறது. வேகத்தை 200 ஆக்கினால் ஒளியளவு பாதியாகி, முடங்குவது 90 விழுக்காடாகக் குறையும். ஆனால் சுத்தமாவது 180 லிட்டர் அளவு. 400-இல் 68 விழுக்காடுதான், சுத்தமாவதோ 270-க்கும் மேல். ஒருமுறை கடக்கையில் தப்பும் உயிர்கள் கூடினாலும், ஒரு மணி நேரத்தில் முடங்குபவற்றின் தொகை ஏறிக்கொண்டே போகிறது. 99-க்கு மேல் ஏற்றும் ஒளியெல்லாம் ஏற்கெனவே முடங்கியதன் மேல் விழுகிற வீண்செலவு.

அப்படியென்றால் வேகக் கட்சி ஜெயித்துவிட்டதா? முழுதாக இல்லை. ஒளி ஏற ஏற முடங்குவது சீராக ஏறும் உயிர்களுக்கே இந்தக் கணக்கு பொருந்தும். சில உயிர்கள் சிறிய அடியைத் தாங்கிக்கொண்டு, சேதத்தைச் சரிசெய்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் உதவியால் யுவி சேதத்தை உயிரணு சரிசெய்கிறது என்பது 1949-இலேயே கண்டறியப்பட்டது. மீன்தொட்டியின் மேலும் எட்டு மணி நேரம் சாதாரண விளக்கு எரிகிறது. ஒட்டுண்ணி மாதிரி பெரிய, கட்டுறுதியான உயிர்களுக்கு ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டாத ஒளி வீண். என் கணிப்பில், பச்சைத் தண்ணீருக்கும் கலங்கலுக்கும் ஃபில்டரின் முழு வேகமே சரி. ஒட்டுண்ணியைத் தடுக்க விரும்புகிறவருக்கு மெதுவான ஓட்டமும் பெரிய கருவியும் வேண்டும். ஒரே 9 வாட் கருவியிடம் இரண்டையும் கேட்பதுதான் தகராறு.

தொட்டியின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 200 லிட்டர் தொட்டியில் மணிக்கு 200 லிட்டர் ஓடினால், ஒரு மணி நேரத்தில் எல்லாத் தண்ணீரும் கடந்துவிடும் என்று நினைப்போம். கலந்துகொண்டே இருப்பதால் கடந்திருப்பது 63 விழுக்காடுதான். சில சொட்டுகள் இரண்டு மூன்று முறை போய்வந்திருக்கும், சில போயே இருக்காது. மூன்று மணி நேரத்தில் 95, ஐந்து மணி நேரத்தில் 99. தண்ணீர் அசையாத மூலை இருந்தால் இதுவும் கிடையாது.

இணைப்புக்கு வருவோம். கேனிஸ்டர் ஃபில்டரில் இடத்தைப் பற்றிக் குழப்பமே வேண்டாம்: தொட்டி, கேனிஸ்டர், யுவி, மறுபடி தொட்டி. ஃபில்டரின் வெளியேறும் குழாயில், பஞ்சும் செராமிக்கும் தாண்டி வந்த தண்ணீரில்தான் விளக்கு உட்கார வேண்டும். உள்ளிழுக்கும் குழாயில் மாட்டினால் கழிவும் இலைத்துண்டும் குவார்ட்ஸில் படியும். அழுக்குத் துகளின் நிழலில் பாக்டீரியா ஒளிந்து தப்பும். மூட்டில் நூலளவு இடைவெளி இருந்தாலும் காற்றை உறிஞ்சிக்கொண்டு பம்ப் கடகடவென்று சத்தம் போடும். சில்லர் இருந்தால் அதை யுவிக்கு அப்புறம் வைப்பது வழக்கம். விளக்கின் சூடும் அதிலேயே ஆறிவிடும். அந்தச் சூடு சிறியதுதான். 9 வாட் நாள் முழுதும் எரிந்தால் கால் யூனிட்டுக்கும் குறைவு. இருந்தாலும் மே மாதச் சென்னையில் 30 லிட்டர் தொட்டிக்கு அது கணக்கில் வரும்.

கருவியை நிறுத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. செங்குத்தாக வைத்தால் தண்ணீர் கீழே நுழைந்து மேலே வெளியேற வேண்டும். படுக்கவைத்தால் இரு வாய்களும் மேல்நோக்கி இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு குவார்ட்ஸின் ஒரு பகுதி வறண்டே கிடக்கும். அங்கே சூடேறும், உப்புப் படியும். மாட்டி முடித்ததும் கருவியைக் கையிலெடுத்து நாலு பக்கமும் சாய்த்தால் குமிழிகள் புடுபுடுவென்று போவது குழாயில் தெரியும். அவை நிற்கும்வரை சாய்க்க வேண்டும்.

ஹோஸ் அளவும் முக்கியம். 16 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயிலிருந்து 12 மில்லிமீட்டர் வாய்க்குக் குறைத்தால் தண்ணீர் போகும் பரப்பு 44 விழுக்காடு சுருங்குகிறது. கூடவே இரண்டு 'எல்' வளைவுகளும் சேர்ந்தால் ஃபில்டர் மூச்சுத் திணறும். அதுவும் வயதான கேனிஸ்டராக இருந்தால் யுவி மாட்டிய வாரத்தில் தண்ணீர் தெளிவாவதற்குப் பதிலாக அம்மோனியா ஏறும் விபரீதம் நடக்கலாம். குற்றம் விளக்கின் மேல் இல்லை. பயோ மீடியாவுக்குப் போகும் ஓட்டம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

நேராகத் தொடரில் மாட்டுவதைவிடக் கிளை போட்டு மாட்டுவது நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவே முதல் காரணம். வெளியேறும் குழாயில் ஒரு 'டி' போட்டு, ஒரு கிளை நேரே தொட்டிக்கு, மற்றொரு கிளை பால் வால்வு வழியாக யுவிக்குப் போய்ப் பிறகு சேரட்டும். ஃபில்டர் தன் வேகத்தில் ஓடும். யுவிக்கு வேண்டியதை மட்டும் வால்வால் திறக்கலாம். யுவிக்குப் பின்னும் ஒரு வால்வு இருந்தால், குவார்ட்ஸைக் கழுவ ஃபில்டரை நிறுத்த வேண்டியதில்லை. நாலு மூட்டு கூடுதல், நாலு இடத்தில் ஒழுக வாய்ப்பும் கூடுதல் என்பது இதன் குறை. ஸ்டாண்டுக்குள் இடமில்லாதவர்களும் பச்சைத் தண்ணீர் மட்டுமே பிரச்சினையாக உள்ளவர்களும் தொடரிலேயே மாட்டிக்கொள்ளலாம்; அதில் பாவம் ஒன்றுமில்லை. எந்த முறையிலும் ஒவ்வொரு ஹோஸ் முனைக்கும் கிளாம்ப் வேண்டும். வெளியேறும் பக்கத்துக் குழாய் கழன்றால் உறிஞ்சும் குழாயின் வாய் இருக்கும் மட்டம்வரை தொட்டியைப் பம்ப் தரையில் கொட்டிவிடும்.

சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) வைத்திருப்பவர்கள் அதன் கடைசி அறையில் ஒரு சிறிய தனிப் பம்ப் வைத்து, அதை யுவி வழியாக மேல் தொட்டிக்கு விடுவதே சுலபம். சம்ப்பிலிருந்து எடுத்துச் சம்ப்பிலேயே விட்டால் சுத்தமான தண்ணீரே சுற்றிச் சுற்றி வரும். நம்மூரில் அதிகம் புழங்கும் மேல் ஃபில்டரில் பம்ப் தண்ணீரை நேரே பஞ்சின் மேல் கொட்டுவதால், வெளி யுவியை மாட்ட ஒழுங்கான இடமில்லை. அவர்களுக்குத் தன் பம்ப்போடு வரும் உள்தொட்டி யுவி போதும். ஆனால் உறையே இல்லாமல் தண்ணீரில் போட்டுவிடும் வெறும் யுவி விளக்குகள் மலிவாக விற்கிறார்களே, அவற்றை வாங்கக் கூடாது. அந்த ஒளி பாசியை மட்டுமல்ல, மீனின் கண்ணையும் செடியின் இலையையும் எரிக்கும். கண்ணாடி வெளியே விடாது என்றாலும் மேலே திறந்த தொட்டியில் எட்டிப் பார்ப்பவரின் கண்ணும் தப்பாது.

மின்சாரத்தில் இரண்டே விஷயம். ஒன்று, ஃபில்டரும் யுவியும் ஒரே சுவிட்சில் இருக்கட்டும். ஃபில்டர் நின்று விளக்கு மட்டும் எரிந்தால் கருவிக்குள் நிற்கும் அரை லிட்டர் சூடாகிக்கொண்டே போகும். ஃபில்டரை இன்வர்ட்டர் லைனில் போட்டவர்கள் யுவியையும் அங்கேயே போட வேண்டும், அல்லது யுவியை மட்டும் அணையும் பக்கத்தில் விடலாம். தலைகீழாக வைத்துவிடக் கூடாது. மற்றது, ஒயர் பிளக்கை நோக்கிப் போகும் வழியில் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். 30 மில்லிஆம்பியர் ஈ.எல்.சி.பி. இல்லாத வீட்டில் தொட்டிக்குள் கைவிடும் முன் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவதே உத்தமம்.

பராமரிப்பில்தான் பெரும்பாலான யுவிகள் செத்துப்போகின்றன, எரிந்துகொண்டே. பாதரச விளக்கின் கிருமிகொல்லி ஒளி 8000, 9000 மணி நேரத்தில் வெகுவாகத் தேய்ந்துவிடும். ஒரு வருடத்துக்கு 8760 மணி. அதன் பிறகும் அந்த நீல வெளிச்சம் அழகாகவே தெரியும். நீலம் தெரிகிறதே என்று மூன்று வருடம் ஓட்டுகிறவர்கள் அலங்கார விளக்கு ஓட்டுகிறார்கள். போர்வெல், லாரித் தண்ணீர் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கடினநீரின் சுண்ணாம்பு, சூடான குவார்ட்ஸின் மேல் வெள்ளையாகப் படிந்து ஒளியை மறைக்கும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்துத் துணியால் துடைத்தால் போய்விடும். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். சென்னைத் தண்ணீருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. புது விளக்கை வெறுங்கையால் பிடித்திருந்தால் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். ஓ-ரிங்குக்குச் சிலிக்கோன் கிரீஸ்தான். வாசலின் சிலவகை ரப்பரை ஊதவைத்துவிடும். எரிகிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பது கூடவே கூடாது. அதற்குத்தான் கருவியில் ஒளிபுகும் சிறு ஜன்னலோ நீலமாக மின்னும் குழாய் முனையோ இருக்கிறது.

விளக்கை அணைக்க வேண்டிய நேரங்களும் உண்டு. மலக்கைட் பச்சை, மெத்திலீன் நீலம் போன்ற மருந்துகளை யுவி சிதைக்கும். மருந்து போடும் நாட்களில் கார்பனை எடுத்துவிடுவதுபோல விளக்கையும் நிறுத்த வேண்டும். செடித்தொட்டிக்காரர்கள் ஊற்றும் இரும்புச்சத்தைக் கரைத்து வைத்திருக்கும் சேர்மமும் யுவியில் உடையும். புதுஇலை வெளுக்கிறது என்று உரத்தைக் கூட்டுவதற்கு முன் விளக்கின் நேரத்தைக் குறைத்துப் பார்க்கலாம். பாதாம் இலையும் கட்டையும் போட்டுத் தேநீர் நிறத்தில் பெட்டா வளர்ப்பவர்களுக்கு யுவி வெட்டிச் செலவு; அந்தப் பழுப்பு நிறமே ஒளியைப் பெரிதும் விழுங்கிவிடும்.

ஆக, நோயில்லாத, தண்ணீர் தெளிந்த ஒற்றை வீட்டுத்தொட்டிக்கு யுவி அவசியமில்லை என்றே சொல்வேன். அந்தப் பணத்தில் ஒரு தனித்தொட்டியும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வாங்கினால் மீன்கள் கூடுதல் நாள் வாழும். விளக்கு தன் முழு மதிப்பைக் காட்டும் இடம் வேறு. சென்னைக் கொளத்தூர் மாதிரி இடங்களில் பல தொட்டிகளை ஒரே சம்ப்பில் கோத்து நடத்தும் கடைகளும், கிழக்குக் கடற்கரையோர இறால் குஞ்சுப் பொரிப்பகங்களும் அப்படிப்பட்டவை. பொரிப்பகத்தில் கடல்நீர் உள்ளே வரும்போதே விளக்கைக் கடக்கிறது. கடையில் ஒரு தொட்டியின் தண்ணீர் இன்னொரு தொட்டிக்குப் போக வேண்டுமானால் சம்ப் வழியாக, விளக்கு வழியாகத்தான் போக வேண்டும். தொட்டிக்குள் இருக்கும் நோயை அது அங்கேயும் தீர்க்காது. தொட்டி தாண்டாமல் தடுக்கும். சமையலறைக் கருவியின் கணக்கு அங்கே அப்படியே பொருந்துகிறது. அதனால் அங்கே கிளைபோட்டு, பாதித் தண்ணீரை விளக்கில்லாமல் மேலே அனுப்பும் சிக்கனம் கூடாது; சம்ப்பிலிருந்து ஏறும் தண்ணீர் முழுதும், முழு வேகத்திலும் போதிய ஒளி வாங்கும் அளவுக்குப் பெரிய கருவி வேண்டும். தொட்டிக்குத் தொட்டி ஒரே வலையைப் போட்டு மீன் பிடித்தால் இத்தனையும் வீண் என்பதால், வரிசைக்கு ஒரு வலை வைத்து, அதைப் பெர்மாங்கனேட் வாளியில் நனைத்துவிட்டுத் தொங்கவிடுவதையும் சேர்த்துத்தான் அங்கே யுவி அமைப்பு என்று கணக்கிட வேண்டும்.